எடையோடு சண்டை போட்டவர்

நம்ம ஆர்சி கார் பசங்க ரேஸுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பத்தில் ஒரு பங்கு சைஸ் டூரிங் கார். கீழே ஒரு கார்பன் ஃபைபர் தட்டு, மேலே இன்னொன்று. மேல் தட்டில் ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டுவாங்க, ஓட்டிப் பார்ப்பாங்க, திரும்ப மாட்டுவாங்க. சேஸிஸுக்கு எவ்வளவு விறைப்பு வேணும் என்பதுதான் அங்கே பிரச்சனை. (ஸ்டிஃப்னஸுக்குத் தமிழ் அம்மாகிட்ட கேட்டது.) இதையே நிஜ ரேஸ் காரில் பிடிவாதமாகத் துரத்தியவர் லோட்டஸ் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன்.

1928 மே 19, இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங். மெக்கானிக்கல் இல்லை, சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து மேய்ந்து முதல் காரைக் கட்டினார். 1952-ல் லோட்டஸ் தொடங்க, பின்னாளில் அவர் மனைவியான ஹேஸல் கொடுத்த 25 பவுண்டும் உதவியது.

எடை குறைந்தால் கார் சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், நல்லாவும் திரும்பும். அதனால் ஒரே பாகம் ரெண்டு வேலை பார்க்கணும் என்பது அவர் வழி. அதே சமயம் சேஸிஸ் முறுங்கவும் கூடாது. முறுங்கினால் அதுவே கணக்கில் வராத இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும்; சஸ்பென்ஷனை எவ்வளவு செட் பண்ணினாலும் வீண். 1962 வரை ஃபார்முலா ஒன் கார்கள் பெரும்பாலும் குழாய்களை வெல்டு செய்த கூடுகள்தான். அந்த வருஷம் வந்த லோட்டஸ் 25-ல் குழாய்க் கூடே இல்லை. ரெண்டு பக்கமும் அலுமினியத் தகட்டுப் பெட்டிகள், அவற்றுக்குள்ளே பெட்ரோல் பை, நடுவில் கிட்டத்தட்ட படுத்தபடி டிரைவர். தோலே எலும்பு. 1963-ல் ஜிம் கிளார்க் இந்தக் காரில் பத்து ரேஸில் ஏழை ஜெயித்து சாம்பியன் ஆனார். இதில் ஒரு குறும்பும் உண்டு: வெளி டீம்களுக்குப் பழைய குழாய் டிசைனில் லோட்டஸ் 24-ஐ விற்றுவிட்டு, இதைத் தன் டீமுக்கு வைத்துக்கொண்டார். வாங்கினவங்க கடுப்பாகாமல் இருப்பாங்களா?

1967-ல் லோட்டஸ் 49. பின்பக்க சேஸிஸையே தூக்கிட்டார். டிரைவர் உட்காரும் தொட்டிக்குப் பின்னால் இன்ஜினை போல்ட் போட்டு, பின் சஸ்பென்ஷனை அதிலேயே மாட்டினார். முதல் ரேஸிலேயே வெற்றி.

இங்கே ஒரு சொந்தக் கதை. போன செமஸ்டர் எங்க ஆர்சி காரின் சஸ்பென்ஷன் ஆர்மில் நான் ஓட்டை போட்டு நாலைந்து கிராம் குறைத்தேன். மூணாவது லேப்பில் கெர்பில் ஏறினதும் அது ரெண்டா போச்சு. மறுநாள் வேற ஆர்ம் மாட்டியாச்சு. நம்ம காருக்குள்ளே யாரும் உட்காரப் போறதில்லை.

சாப்மனின் காரில் ஆள் இருந்தார். 1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்றது. அவருக்கு ரெண்டு காலும் முறிந்தது. 1969-ல் பார்சிலோனாவில் ஒரே ரேஸில் ரெண்டு லோட்டஸின் இறக்கைகளும் உடைந்தன. அதில் அடிபட்ட யோகன் ரிண்ட், பலவீனமான பாகங்களுக்கு இன்னும் சில பவுண்ட் எடை கூட்டலாமே என்ற பொருளில் சாப்மனுக்கு லெட்டர் எழுதினார். அடுத்த வருஷம் லோட்டஸ் 72. சக்கரத்தின் சுமையைக் குறைக்க முன் பிரேக் டிஸ்க்கை காரின் உடம்புக்குள் வைத்து, நடுவில் ஒரு ஷாஃப்ட் கொடுத்திருந்தார்கள். 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சாவில் பிராக்டிஸின்போது அந்த ஷாஃப்ட்களில் ஒன்று உடைந்தது. கார் போய் மோதிய வேலியும் ஒழுங்காகப் போடப்படவில்லை. ரிண்ட் இறந்தார். அந்த சீசனின் சாம்பியன் பட்டம் அவருக்கே போனது. இறந்த பிறகு அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருத்தர்தான்.

சாப்மனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த லெட்டரை நினைச்சா அவர் மேல கோபம் வருது.

லோட்டஸ் நிற்கவில்லை. 1978-ல், காருக்கு அடியில் ஓடும் காற்றாலேயே தரையோடு ஒட்டும் லோட்டஸ் 79 ஏழாவது டீம் பட்டத்தைக் கொண்டுவந்தது. 1981-ல் ஒரே காரில் ரெண்டு சேஸிஸ் வைத்தார், தடை போட்டுட்டாங்க. கடைசிக் காலத்தில் டிலோரியன் கார் பண விவகாரத்திலும் பேர் அடிபட்டது.

1982 டிசம்பர் 16, மாரடைப்பு. வயது 54. அதே நாள் ஸ்னெட்டர்டன் டிராக்கில், ஸ்பிரிங் வேலையைக் கம்ப்யூட்டர் சொல்லி ஹைட்ராலிக்ஸ் செய்யும் லோட்டஸ் கார் முதல் டெஸ்ட்டுக்கு இறங்கியிருந்தது.