கோப்பி எலிக்குப் பெயர் வைத்த வைத்தியர்

கற்பிட்டியில் இராவணன் மீசைப் புல் பிடித்துவைத்திருக்கும் மணல்மேடுகளில் வெள்ளெலி வளைகளைக் காணலாம். உள்ளிருந்து தள்ளிய மணல் வாசலில் குவிந்து கிடக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்த மணலில் கொட்டில் போட்ட எங்கள் குடும்பங்களுக்கு அது பகையாளி. ஊன்றிய விதையைத் தோண்டித் தின்றுவிடும். அதைப் பற்றித் தேடப் போய்த்தான் மலையக எலிகளை ஆராய்ந்த எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட்டை அறிந்தேன்.

1819இல் இலங்கையில் பிறந்த பறங்கியர். எடின்பரோவில் மருத்துவம் படித்து இராணுவ வைத்தியரானார். ஜிப்ரால்டரில் பணியாற்றியபோது அங்குள்ள தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1849இல் நாடு திரும்பியவர் நுவரெலியாவில் விலங்குகளைச் சேகரித்தார். 1850இல் அங்குள்ள ஓர் எலிக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டினார். 1852இல் இலங்கை விலங்குகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

அதுதான் கோப்பி எலி. பத்தனைப் புல்லை நறுக்கி உள்ளுக்குள்ளே பாதை போட்டுத் திரியும். பக்கத்துக் காடுகளில் நெலு வளர்ந்தது. நம் குறிஞ்சிக்கு உறவான செடி. பல வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதை கொட்டி, செத்துப்போகும். அந்த விதையில் எலிகள் பெருகும். தின்றது போக மிஞ்சியதுதான் அடுத்த நெலுக்காடு. விதை தீர்ந்ததும் எலிகள் கீழே கோப்பித் தோட்டங்களுக்கு இறங்கி மொட்டையும் இளங்கிளையையும் கடித்துப் போட்டன. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதாக அக்காலத்து நூல்கள் சொல்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் தின்றார்கள். அதற்காகவே எலி மிகுந்த தோட்டங்களை அவர்கள் விரும்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு அது வேடிக்கை. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, வழியில் வாந்திபேதிக்கு ஆட்களைப் பறிகொடுத்து மலையேறியவர்கள் அவர்கள். அந்த வரியில் எனக்குத் தெரிவது பசிதான். எலிக்கு இலத்தீன் பெயர் கிடைத்தது. அதைத் தின்றவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பக்கங்களில் இல்லை. கெலார்ட்டை மட்டும் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து இயற்கை நூல்களே அப்படித்தான்.

பிறகு அரசாங்கம் அவரை முத்துச்சிப்பி ஆய்வுக்கு அமர்த்தியது. மன்னார் தொடக்கம் சிலாபம் வரை நம் கரைக்கு வெளியே கிடக்கும் முத்துப்பார்களில் விளைச்சல் அடிக்கடி பொய்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1860 ஓகஸ்டில் இங்கிலாந்து போகும் வழியில், கப்பலிலேயே, 40 வயதில் இறந்தார்.

1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. எலி ஹோட்டன் சமவெளிப் புல்லில் இன்னும் பாதை போட்டுக்கொண்டிருக்கிறது.