வட்டமும் புள்ளடியும்

சென்ற திங்கள் வெல்லாவெளியில் மாணவி ஒருத்தி தான் கணினியில் அமைத்த வட்டமும் புள்ளடியும் விளையாட்டை எனக்குக் காட்டினாள். ஒன்பது கட்டங்களுள் தன் குறி மூன்றை ஒரே நிரையில் முதலில் இடுபவர்க்கு வெற்றி. சிறுவயதில் வயல்வரம்பிற் குச்சியாற் கீறி நான் ஆடியதுதான். கணினியோ, தான் வெல்லும் கட்டம் வெறிதாய் இருக்கவும் அதனை விட்டு, என் புள்ளடியை மறிக்கப் போயிற்று. அவள் எழுதிய நிபந்தனைகளுள் மறித்தல் முன்னும் வெல்லுதல் பின்னுமாய் நின்றமையே காரணம். நம் இலக்கணத்துச் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சங்களை வரிசை தவறாமல் அடுக்குவதே இவ்வித்தை என்று அப்போது உணர்ந்தேன். கணினி பிறவாத காலத்தே இவ்வரிசையை வகுத்த சார்லஸ் பாபேஜ் நினைவுக்கு வந்தார்.

1791 திசம்பர் 26 இல் இலண்டனிற் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்று, நியூற்றன் வகித்த பேராசிரியப் பதவியை 1828 இல் ஏற்றார். அதற்கு முந்திய ஓராண்டிலேயே தந்தை, மனைவி, மகன் ஆகியோரை இழந்திருந்தார். கையாற் கணித்த அட்டவணைகளின் பிழை பொறாது அவர் தொடங்கிய கணிப்புப் பொறிக்கு அரசு ஏறக்குறைய 17,000 பவுண் செலவிட்டு, 1842 இற் கைவிட்டது. அதற்குள் அவர் உள்ளம் பகுப்புப் பொறி என்னும் பெரிய கனவிற் படிந்துவிட்டது. நெசவுத்தறியின் துளையட்டைகளைப் போன்ற அட்டைகளால் ஏவப்பெற்று, இடையிற் கிடைத்த விடைக்கேற்ப மேற்செல்லும் வழியைத் தானே தெரிந்துகொள்ளும் பொறி அது. 1843 இல் அதன் ஆற்றலை விரித்தெழுதியவர் ஏடா லவ்லேஸ் அம்மையார்.

பொறியை முடிக்கப் பொருளில்லை. விளையாடும் பொறியொன்று செய்து காட்சிக்கு வைத்துப் பணம் ஈட்டலாமென எண்ணினார். 1864 இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதனை விவரித்துள்ளார். தோற்றாயிற்றா, வென்றாயிற்றா என்று பொறி முதலில் நோக்கும். இரண்டும் இல்லையாயின், இந்நகர்விலேயே வெல்லக்கூடுமா? கூடுமாயின் அதனைச் செய்யும். கூடாதாயின், எதிரி வெல்லும் கட்டத்தை மறிக்கும். இரண்டு நகர்வுகள் ஒத்த நலமுடையனவாயின், தான் அதுவரை வென்ற ஆட்டங்களின் தொகை இரட்டையானால் முதலாவதையும், ஒற்றையானால் இரண்டாவதையும் கொள்ளும். எவ்வளவு எளிய உத்தி! வென்ற குழந்தைப்பாவை கைகொட்டச் சேவல் கூவும். தோற்ற பாவை கைபிசைந்து அழ ஆட்டுக்குட்டி கத்தும். இவற்றையும் அவர் கற்பனை செய்திருந்தார். ஆனால் அந்நாளில் மக்கள் பணம் கொடுத்துக் காணத் திரண்டது அமெரிக்கக் குள்ளர் ஒருவரையே. பொறி காட்டியோர் பயன் பெறவில்லை. இதனை விசாரித்தறிந்து, காலமும் வீணாகுமென அஞ்சி, முயற்சியை விட்டார்.

1871 அக்டோபர் 18 இல் அவர் மறைந்தபோது எப்பொறியும் முற்றுப்பெறவில்லை. அவர் வரைபடங்களைக் கொண்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் 1991 இற் கட்டிய கணிப்புப் பொறி பிழையின்றி இயங்கிற்று.

இவற்றைச் சொன்னேன். மாணவி இரண்டு வரிகளை இடம்மாற்றினாள். மறு ஆட்டத்தில் நான் தோற்றேன்.