கர்ப்பத்தில் ரத்தப்போக்கு... ஸ்கேன் போட்டுப் பார்க்க வழிசெய்த டாக்டர் இயன் டொனால்ட் யார்?

ரெண்டாவது மாசமோ மூணாவது மாசமோ திடீர்னு ரத்தம் படுது. பதறிப்போய் ஓடினால், டாக்டர் முதலில் சொல்வது 'ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்பதுதான். கரு இருக்கா, துடிப்பு வருதா, பக்கத்தில் ரத்தக்கட்டு இருக்கா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் தொடக்கம், கிளாஸ்கோவில் இருந்த ஒரு மகப்பேறு பேராசிரியர்.

இயன் டொனால்ட் பிறந்தது 1910-ல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில். பள்ளிப் படிப்பு ஸ்காட்லாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும், கல்லூரி தென்னாப்பிரிக்காவில். மருத்துவப் படிப்பை லண்டனில் முடித்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை மருத்துவர். எரியும் விமானத்தில் இருந்து வீரர்களை மீட்டதற்காக விருதும் வாங்கினார். ரேடார், சோனார் பற்றியெல்லாம் அவருக்குத் தெரிய வந்ததும் அப்போதுதான். விசித்திரமான கருவிகளோடு சுற்றியதால் சக மருத்துவர்கள் அவரைக் கிறுக்கர் என்றே கிண்டல் செய்தார்களாம்!

1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அடுத்த வருஷம், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நேராக ஒரு பாய்லர் ஃபேக்டரிக்குப் போனார். இரும்பில் விரிசல் இருக்கான்னு ஒலி அலையால் பார்க்கும் மெஷின் அங்கே இருந்தது. அதை வைத்துப் பார்த்தால், நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. பிறகு இன்ஜினியர் டாம் பிரவுன், டாக்டர் ஜான் மக்விகார் கைகோத்தார்கள்.

அந்த சமயத்தில் ஒரு பெண். வயிறு வீங்கி, குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டின் கருவி அது வெறும் கட்டி நீர் என்று காட்டியது. சினைப்பைக் கட்டியை அகற்றியதும் அவர் பிழைத்துக்கொண்டார். 1958-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

ஆனால் ஆரம்ப மாதக் கரு பிடிபடவில்லை. இடுப்பு எலும்புக்குள், குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. 1963-ல் தற்செயலாக ஒரு விஷயம் புரிந்தது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதுவே ஜன்னல் மாதிரி வேலை செய்யும். ஆறு, ஏழு வாரக் கருப்பை தெரிய ஆரம்பித்தது. ஸ்கேன் சென்டரில் 'தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க' என்று சொல்கிறார்களே, அதன் கதை இதுதான்.

அதுவரை ரத்தம் பட்டால், படுக்கையில் காத்திருப்பதே வழி. உயிரோடு இருக்கும் கருவைக்கூட போய்விட்டது என நினைத்துச் சுத்தம் செய்துவிடும் ஆபத்தும் இருந்தது. அந்த இடத்தைத்தான் ஸ்கேன் மாற்றியது.

சரி, ரத்தக்கட்டு தெரிந்தால் என்ன அர்த்தம்? கருவைச் சுற்றியுள்ள உறைக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவே ரத்தம் தேங்குவதை 'சப்கோரியானிக் ஹெமடோமா' என்பார்கள். சின்னதாக இருந்து துடிப்பும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் தானாகவே கரைந்து பிரசவம் வரை போய்விடும். கட்டு பெரிதாக இருந்தால் கருச்சிதைவு, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிவது, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடலாம். அதனால்தான் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். படுக்கையிலேயே கிடந்தால் கரு தங்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ரத்தப்போக்கு அதிகமானாலோ, வலியோ மயக்கமோ வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போங்க.

டொனால்டுக்கே இதயக் கோளாறு. பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதால் விமர்சனங்களும் வந்தன. 1976-ல் ஓய்வு பெற்று, 1987 ஜூன் 19 அன்று காலமானார்.