தடையாணையும் தாமஸ் மோரும்

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்திய ஒருவர், முத்திரையிட்ட கடன் பத்திரத்தைத் திரும்பப் பெறத் தவறினால், அதே கடனை இரண்டாம் முறையும் செலுத்த நேரிடும். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொதுச் சட்ட நீதிமன்றங்களில் இதுவே நிலைமை. பத்திரம் இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. அந்த அநீதிக்கு மாற்றாக இருந்தது, வழக்கை மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று கடன் கொடுத்தவருக்குச் சான்சரி நீதிமன்றம் பிறப்பித்த தடையாணை. 1529 முதல் 1532 வரை அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் தாமஸ் மோர்.

1478-இல் லண்டனில் பிறந்த மோர், நீதிபதியின் மகன். லண்டன் நகரின் துணை ஷெரீஃபாக வழக்குகளை விசாரித்தபோது, வழக்காடிகள் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்தார். 1516-இல் வெளியான 'யுடோப்பியா' நூலில் வழக்குரைஞர்களே இல்லாத தீவைக் கற்பனை செய்தவரும் இவரே.

லார்டு சான்சலரான பின்னர், பிற்பகல்களில் தம் இல்லத்தின் திறந்த கூடத்தில் அமர்ந்து, யாரும் அச்சமின்றி முறையிட வழிசெய்தார். மனுக்களைத் தாமே படித்து, அடிப்படையற்றவற்றை நிராகரித்தார்.

தடையாணைகள் தங்கள் அதிகாரத்தில் குறுக்கிடுவதாக நீதிபதிகள் குறைகூறினர். அவர்களை வெஸ்ட்மின்ஸ்டரில் விருந்துக்கு அழைத்த மோர், தாம் பிறப்பித்த ஒவ்வோர் ஆணைக்குமான காரணத்தை விளக்கினார். தாங்களும் அவ்வாறே செய்திருப்போம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். சட்டத்தின் கடுமையை நீங்களே தணித்தால் இனித் தடையாணை தர மாட்டேன் என்றார் மோர். அதற்கு அவர்கள் இணங்கவில்லை. இதைப் பதிவு செய்தவர் அவருடைய மருமகன் ரோப்பர்.

மோரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. மாற்றுச் சமயக் கருத்தினரை எரித்துக் கொல்வதை அவர் ஆதரித்தார். மன்னர் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்து, 1535-இல் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.

மோரின் இளமைக் காலத்திலேயே, 1495-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழை வழக்காடிக்குக் கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்த வகைசெய்திருந்தது. இந்த இரு மரபுகளும் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தொடர்கின்றன. 39-ஆவது ஆணை தற்காலிகத் தடையாணை பற்றியது. 33-ஆவது ஆணை வறியவர் வழக்கைப் பற்றியது. வழக்குரைஞர் இல்லாத வறியவருக்கு நீதிமன்றமே ஒருவரை அமர்த்தலாம் என்பது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்விரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. தாமதத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. எதிர்த்தரப்பைக் கேளாமல் ஒரு தடையாணை பிறந்தால், வசதி படைத்தவர் மறுநாளே வழக்குரைஞருடன் வந்து அதை எதிர்ப்பார்; கூலித் தொழிலாளியோ நிலத்தையோ குடியிருப்பையோ இழந்து நிற்பார். அத்தகைய ஆணை மீதான மனுவை 30 நாள்களுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. வாதாட ஆளில்லாதவருக்கு அந்த 30 நாள்களால் என்ன பயன்?

ஆகவே, தடையாணை கோரும் மனு வந்த அன்றே எதிர்த்தரப்புக்கு வழக்குரைஞர் உண்டா என்று கேட்பதும், இல்லையெனில் சட்ட உதவிக்கு வழிகாட்டுவதும் நீதிமன்றத்தின் வழக்கமாக வேண்டும். ஆணைக்கான காரணத்தை நீதிபதிகளிடம் விளக்கினார் மோர். அதனால் பாதிக்கப்படும் ஏழைக்கும் அந்த விளக்கம் சென்றுசேர வேண்டும்.