தொழிற்சாலைத் தூசியில் ஒளிந்திருந்த விஷம்... வீடு வீடாகப் போய் கண்டுபிடித்த பெண் டாக்டர்! யார் இந்த ஆலிஸ் ஹாமில்டன்?

வேலை செய்யும் இடத்தில் மூச்சோடு உள்ளே போகும் தூசி, ஒருவரின் கையையே முடக்கிப் போடுமா? போடும் என்று 100 ஆண்டுகளுக்கு முன்பே ஆதாரத்தோடு காட்டியவர் அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன்.

யார் இவர்?

1869ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1893ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897ல் சிகாகோவுக்கு வேலைக்கு வந்தவர், 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கினார். அக்கம்பக்கத்தில் எல்லாமே ஐரோப்பாவில் இருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள். வேலைக்குப் போய் நோயோடு திரும்புகிறவர்களை தினமும் பார்த்தார். அதுதான் அவர் வாழ்க்கையை மாற்றியது.

காரீயம் என்ன செய்யும்?

1910ல் இல்லினாய் மாநில அரசு, தொழில்சார் நோய்கள் பற்றி ஆய்வு நடத்தும் பொறுப்பை ஆலிஸிடம் கொடுத்தது. அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது, லெட் எனப்படும் காரீயம். இது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும். ரத்தசோகை, தாங்க முடியாத வயிற்று வலி வரும். நரம்பு பாதித்தால் மணிக்கட்டு தொங்கிப் போகும்.

தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், அதனால்தான் நோய் வருது என்பது அன்றைய முதலாளிகள் பலரின் வாதம். ஆனா, ஆலிஸ் கண்டது வேறு. கையில் இருக்கும் அழுக்கை விட, காற்றில் பறக்கும் காரீயத் தூசியும் புகையும்தான் பெரிய ஆபத்து.

குளியல் தொட்டி ரகசியம்

ஒரு மருத்துவமனையில் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவர், வயிற்று வலியோடும் தொங்கிய இரு கைகளோடும் படுத்திருந்தார். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுவது அவர் வேலை. ஆலிஸ் தொழிற்சாலைக்குப் போனார். இங்கே காரீயமே கிடையாது என்றது நிர்வாகம். காட்டிய இடத்திலும் ஆபத்தாக எதுவும் இல்லை.

ஆலிஸ் விடவில்லை. அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கே போய் விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் காட்டப்பட்டது கடைசி கட்ட வேலை மட்டும்தான். உண்மையான எனாமல் வேலை நடப்பது வேறு இடத்தில். அங்கே பழுக்கக் காய்ந்த தொட்டி மேல் எனாமல் பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடியைச் சோதித்தபோது, அதில் 20 சதவீதம் வரை காரீயம் இருந்தது!

இப்படித் தேடித்தேடி, காரீய நச்சு ஏற்படுத்தும் 70க்கும் மேற்பட்ட தொழில் முறைகளை அந்த ஆய்வு பட்டியலிட்டது. விளைவு? 1911ல் இல்லினாயில் தொழில்சார் நோய்ச் சட்டம் வந்தது. ஆபத்தான வேலைகளில் இருப்பவர்களுக்கு மாதாந்திர மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது.

ஹார்வர்டில் வேலை... ஆனால்?

அடுத்து, மத்திய அரசுக்காக நாடு முழுக்க ஆய்வு செய்தார். தொழிற்சாலைக்குள் நுழைய அவருக்கு சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. முதலாளிகளிடம் பேசிப் பேசித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

1919ல் ஹார்வர்டு அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர்தான். ஆனா, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, ஆசிரியர் கிளப்புக்குள் வரக் கூடாது என்று நிபந்தனைகள். 1935ல் ஓய்வு பெறும்போதும் அதே உதவிப் பேராசிரியர்தான்!

பெட்ரோலில் காரீயம் கலப்பதை 1925லேயே எதிர்த்தார். அன்று அவர் பேச்சு எடுபடவில்லை. சாலை வாகனங்களுக்கு அந்த பெட்ரோலை உலகம் முழுசா நிறுத்தியது 2021ல்தான்.

1970 செப்டம்பரில், 101வது வயதில் ஆலிஸ் காலமானார். மூன்றே மாதத்தில், பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். தொழிற்சாலைக்குள் போய் சோதனை செய்ய அரசு ஆய்வாளர்களுக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. ஆலிஸுக்குக் கடைசி வரை கிடைக்காத அதிகாரம் அது.