பொம்மரை அளந்து பார்த்த மனிதர்

சீன மலைச்சரிவொன்றில், நொறுங்கிய விமானச் சிறகொன்றின் அருகே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 1942 ஏப்ரலில் எடுக்கப்பட்ட அந்தப் புகைப்படத்தை முதலில் பார்த்தபோது, எல்லாவற்றையும் இழந்த ஒருவர் என்றுதான் நினைத்தேன். அவர் ஜேம்ஸ் டூலிட்டில். டோக்கியோ மீது அமெரிக்காவின் முதல் குண்டுவீச்சை நடத்திவிட்டு வந்தவர்.

நான் பொம்மரைக் கீழேயிருந்து மட்டுமே அறிந்தவன். போர்க்காலத்தில் பிறந்த எங்களுக்கு அது ஒரு சத்தம். கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். மேலே அதை ஓட்டுபவருக்கும் தன் விமானத்தைப் பற்றிய பயம் இருக்கலாம் என்பதை டூலிட்டிலைப் பற்றி வாசித்தபோதுதான் யோசித்தேன்.

1896இல் கலிபோர்னியாவில் பிறந்த அவர், சிறுவயதை அலாஸ்காவில் கழித்தார். துணிச்சலான விமானி என்று பெயரெடுத்தவர். ஆனால் அவருடைய துணிச்சலுக்குப் பின்னால் கணக்கு இருந்தது. போர் விமானமொன்றை அதன் சிறகு தாங்கக்கூடிய எல்லைவரை வளைத்துத் திருப்பி, விமானத்தின் மீதும் விமானியின் உடல் மீதும் விழும் விசையை அளந்தார். 1925இல் எம்.ஐ.டி.யில் விமானவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1929இல், வெளியே எதுவும் தெரியாதபடி மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஏற்றி, சுற்றி, இறக்கிக் காட்டினார்.

1942இன் தொடக்கத்தில் அவரிடம் வேறொரு சிக்கல் வந்தது. பி-26 மரோடர் என்ற புதிய இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானத்தை விமானிகள் விதவையாக்கி என்று அழைத்தார்கள். வேகத்துக்காக அதன் சிறகுகளைச் சிறிதாக அமைத்திருந்தார்கள். அதனால் தரையிறங்க வரும்போதே மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர் வேகத்தில் வரவேண்டும். வேகம் குறைந்தால் சிறகு தாங்காது. மேலெழும் நேரத்தில் ஒரு இயந்திரம் நின்றால், மற்றது விமானத்தை ஒருபக்கமாக இழுத்துச் சரித்துவிடும். இரட்டை இயந்திர விமானத்தை அதற்குமுன் தொட்டே பார்க்காத இளைஞர்கள் பலர் பயிற்சியிலேயே இறந்தார்கள். உற்பத்தியை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது.

டூலிட்டில் அறிக்கை எழுதுவதற்கு முன் விமானத்தில் ஏறினார். பக்கத்து இருக்கையில் பயந்துபோன விமானி ஒருவரை இருத்திக்கொண்டு மேலெழுந்தார். உடனே ஒரு இயந்திரத்தை நிறுத்தினார். நின்ற இயந்திரத்தின் பக்கம் திரும்பவே கூடாது என்பது விமானிகளிடையே வேதம். அவர் அந்தப் பக்கமே திரும்பி, ஒரு வட்டமடித்து, ஒற்றை இயந்திரத்திலேயே தரையிறக்கினார். தற்செயல் என்று நினைத்துவிடக் கூடாதென்று மறுபடியும் செய்துகாட்டினார். கோளாறு பெரும்பாலும் பயிற்சியிலும் பராமரிப்பிலும் இருக்கிறது என்பதே அவர் கண்ட முடிவு. பயிற்சி மாறியது. பிந்திய மரோடர்களின் சிறகுகளும் நீட்டப்பட்டன. ஐரோப்பியக் களத்தில் மிகக் குறைந்த இழப்புவீதம் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றாக அது போரை முடித்தது.

ஆனால் டோக்கியோவுக்கு அவர் எடுத்துச் சென்றது மரோடரை அல்ல. கப்பல் தளத்திலிருந்து எழ அதற்கு இடம் போதாது. அதைவிட மெதுவான வேகத்தில் எழக்கூடிய பி-25ஐத் தெரிந்தெடுத்தார். ஹோர்னெட் கப்பலின் தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டன. ஒன்று முன்சக்கரத்துக்கு, மற்றது இடச்சக்கரத்துக்கு. கோட்டை விட்டு விலகாமல் ஓடினால், வலச்சிறகு கப்பலின் கோபுரத்தை ஆறடி இடைவெளியில் தாண்டும். ஏப்ரல் 18 அன்று 16 விமானங்களில் முதலாவதாக, ஏறக்குறைய 140 மீற்றர் தூரமே ஓடி, அவர் மேலெழுந்தார்.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான் ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியிருந்தார்கள். அதற்கு நான்கு நாட்கள் முன்னர் கொழும்பை. அந்தத் தாக்குதல்களை நடத்திய விமானந்தாங்கிக் கப்பல்கள் நாடு திரும்பும் வழியில் இருந்தபோதே தலைநகர் தாக்கப்பட்டது.

ஜப்பானில் சுமார் 50 பேர் இறந்தார்கள். டூலிட்டிலின் ஆட்களில் எட்டுப் பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டனர். மூவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது, ஒருவர் சிறையில் இறந்தார். தப்பியவர்களுக்குச் சீனக் கிராமத்தவர்கள் சோறும் மறைவிடமும் கொடுத்தார்கள். அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் நடத்திய வேட்டையில் இரண்டரை இலட்சம் பேர்வரை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இராணுவ நீதிமன்றம் தன்னை விசாரிக்கும் என்று மலைச்சரிவில் எண்ணியிருந்த டூலிட்டிலுக்கு அமெரிக்காவின் அதியுயர் வீரப்பதக்கம் கிடைத்தது. 1944இல் எட்டாவது விமானப்படையின் தளபதியாகி, ஜேர்மனிக்கு ஆயிரக்கணக்கான விமானங்களை அனுப்பினார். 1993இல், 96 வயதில் இறந்தார்.

விமானிகளின் பயத்தை அளந்து தீர்த்த அவரை நான் மதிக்கிறேன். ஒரு வதந்தியை நம்பி மாண்டிருக்கக்கூடிய பலரை அவர் காப்பாற்றினார். ஆனால் அந்த விமானம் பயமின்றிப் பறக்கப் பழகியதன் விலையைக் கீழேயிருந்தவர்கள் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் ஒரு தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போது, இன்றும் பறக்கும் நிலையிலுள்ள பி-25 ஒன்றின் காணொளியைப் போட்டேன். இரண்டு இயந்திரங்களும் ஒன்றாக உறுமின. அடுத்த அறையிலிருந்த அம்மா அதை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டினேன்.