சொற்களைத் தேடிய வைத்தியர்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். அப்பெயருக்குரிய சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1822 இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரிற் பிறந்த கிறீன், 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயிற் பணியைத் தொடங்கினார். மாணவருக்கு முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விடுமுறையில் தாயகம் சென்று 1862 இல் திரும்பிய பின்னர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர் அரச உத்தியோகத்தை நாடிப் போய்விடுவர், தமிழிற் கற்றவரே கிராமத்தில் தங்குவர் என்பது அவரது கணிப்பு. அவரிடம் கற்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! மாணவரைத் துணைக்கொண்டு பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) முதலியவற்றை வெளிக்கொணர்ந்தார். முதலில் தமிழ்ச் சொல், அது கிடைக்காவிடில் வடசொல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட முறை.

அச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று, சுகரணம் உடற்றொழிலியலாயிற்று. கெமிஸ்தத்தின் இடத்தில் நாம் படித்தது இரசாயனவியல். ஆனால் இரசாயனம் என்பதோ, நம் நாட்டு வைத்தியத்தில் முதுமையைத் தள்ளிப்போடும் மருந்துக்கு வழங்கிய பெயர். இரண வைத்தியத்தை இன்று சத்திரசிகிச்சை என்கிறோம். இரணம் என்றால் புண். சஸ்திரம் என்றால் வெட்டும் கருவி. நோயாளியின் புண்ணைச் சுட்டிய பெயர் போய், வைத்தியரின் கத்தியைச் சுட்டும் பெயர் வந்திருக்கிறது. மருத்துவர் என்ற சொல்லுக்குப் பெண்பாலாக ஊரில் வழங்கும் மருத்துவிச்சியோ, பிரசவம் பார்ப்பவரை மட்டுமே குறிக்கும். ஆதலால் பெண் வைத்தியர்களான நாம் எல்லோருக்கும் 'டொக்டர்' ஆனோம்.

1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. 1884 இல் வூஸ்டரிற் காலமானார். தமிழர்களுக்குப் பணிசெய்த மருத்துவ ஊழியர் என்றே அவரது கல்லறைக் கல் அவரை அறிமுகம் செய்கிறது.

உயர்தரம் வரை தமிழிற் படித்து, மருத்துவபீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் நாம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பமிட வரும் ஒரு தாய்க்கு, அவரது உடலில் எதை, ஏன் வெட்டப்போகிறோம் என்று விளங்கவைக்கையில் அந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே நிற்கிறோம். அவருக்கு விளங்காமற் பெற்ற கையொப்பம் சம்மதமாகாது. கிறீனின் சொற்கள் மறைந்திருக்கலாம். நோயாளிக்கு விளங்கும் சொல்லைத் தேடுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என அவர் காட்டிய வழி மறையலாகாது. மருத்துவபீடம் புகும் நம் தங்கையருக்கு நூற்றாண்டு காணும் இவ்வேளையில் நாம் சொல்ல விரும்புவதும் அதுவே.